பீரை ஆற வைக்கும் நேரத்தில்தான் தண்ணீர் வம்பு செய்யும்

வீட்டில் பீர் செய்யத் தொடங்குகிறவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதுதான் ஒரு மணி நேரம் கொதிக்க விடுறோமே, அப்புறம் என்ன?" இதில் பாதி சரி. அடுப்பு எரிகிற வரைக்கும் இந்தப் பேச்சு செல்லும். அடுப்பை அணைத்த நிமிடத்திலிருந்து செல்லாது. தண்ணீரால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கொதித்ததை ஆற வைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் வருகின்றன. ஏன் என்பதையும், வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் பார்க்கலாம்.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1963இல் போனது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வரியில்லாமல் செய்ய வழி விட்டது. பெரியவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அதற்கு மேல் என்றால் 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். எனவே இந்தக் கட்டுரை அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் கற்றுக்கொண்டதை லீவில் ஊருக்கு வந்து மொட்டை மாடியில் செய்து காட்ட வேண்டாம்.

செய்முறை சுருக்கமாக இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை நொறுக்கி 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்த இனிப்புச் சாற்றை, அதாவது வோர்ட்டை, வடித்தெடுத்து ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். பிறகு 20 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட்டைச் சேர்த்து மூடி வைக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். காய்ச்சிய பால் வெதுவெதுப்பாக ஆன பிறகு உறை ஊற்றுகிறோம், அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் பட்ட கரண்டியைப் பாலில் விடுவதில்லை. பாலாவது அடுப்பங்கரையில் தானாக ஆறிவிடும். 19 லிட்டர் வோர்ட் அப்படி ஆறாது; சும்மா விட்டால் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருக்கும். அதனால் ஆற்றுவதற்குத் தனியாக ஏற்பாடு தேவைப்படுகிறது, அந்த ஏற்பாட்டுக்கு நிறைய பச்சைத் தண்ணீர் தேவைப்படுகிறது.

கொதித்தால் போவது, கொதித்தாலும் போகாதது

வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியிலுள்ள மூன்று ஊர்களின் கதை தெரிந்தால் இந்தப் பாடம் முடிந்தது. 1993 வசந்த காலத்தில் மில்வாக்கி நகரத்தின் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பீருக்குப் பேர்போன ஊர் அது. இந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். 6,500 அடிக்கு மேலுள்ள மலை ஊர்களில் மூன்று நிமிடம்.

2014 ஆகஸ்டில் டொலீடோ. ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசி விட்ட நஞ்சு குழாய்த் தண்ணீருக்கு வந்துவிட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் "குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்றார்கள். கொதித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், நஞ்சு பாத்திரத்திலேயே தங்கும். இருந்ததைவிடச் செறிவு கூடிவிடும்.

மூன்றாவது ஃபிளின்ட். அதே 2014 ஏப்ரலில் நகரத்துக்கு வரும் நீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஈயத்தை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் ஈயம்தான்.

ஆக, கிருமிக்குக் கொதி மருந்து. நஞ்சுக்கும் உலோகத்துக்கும் இல்லை. குடிக்கத் தகுதியில்லாத தண்ணீரில் பீர் செய்யலாமா என்று யாராவது கேட்டால், "எதனால் தகுதியில்லை?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஊரில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்த நாளில் பீர் செய்யலாமா? கணக்குப்படி பார்த்தால், கெட்டிலில், அதாவது வோர்ட்டைக் காய்ச்சும் பெரிய பாத்திரத்தில், கொதிக்கும் தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கழுவும் தண்ணீர், பாத்திரங்களைக் கிருமி நீக்கும் சானிட்டைசரைக் கலக்கும் தண்ணீர், கடைசியில் அளவு சரிக்கட்ட ஊற்றும் தண்ணீர், வோர்ட்டை ஆற்றும் சில்லர் என்ற கருவிக்குள் ஓடும் தண்ணீர் எல்லாமே அதே குழாயிலிருந்து வருவதுதான். என்னைக் கேட்டால் அந்த வாரம் கடையில் பீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வாரம் செய்வது மேல்.

சாதாரண நாளிலும் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். சீக்கிரம் சூடாகும் என்று வெந்நீர்க் குழாயிலிருந்து பிடிக்காதீர்கள். வெந்நீர் குழாயிலுள்ள ஈயத்தை அதிகமாகக் கரைக்கும், ஹீட்டருக்குள் கிடக்கும் வண்டலும் கூடவே வரும். சொந்தக் கிணறு அல்லது போர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மூன்றாவது குளோரின். இது உடம்பைவிட ருசிக்குத்தான் எதிரி. குளோரின் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும். அதை மூக்கு மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும்: புதிதாகப் பிரித்த பிளாஸ்திரி வாடை, ஆஸ்பத்திரி வராண்டா வாடை. பல ஊர்களில் இப்போது குளோரினுக்குப் பதில் குளோரமின் போடுகிறார்கள், அது கொதித்தாலும் லேசில் போகாது. இரண்டையும் நீக்க, கேம்ப்டன் மாத்திரை என்று பீர் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். 19 லிட்டருக்குக் கால் மாத்திரை. பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

நூறிலிருந்து இருபதுக்கு

பீர் ஆனபின் அது ஒரு முரட்டுப் பானம். அமிலத்தன்மை பி.எச். 4 முதல் 4.5 வரைக்கும் இறங்கியிருக்கும், ஆல்கஹால் இருக்கும், ஹாப்ஸின் கசப்பு இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் அதில் பிழைப்பது கஷ்டம். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது தெருக் குழாயைச் சுற்றியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அதே தெருவிலிருந்த பீர் ஆலையின் எழுபது தொழிலாளர்களில் யாருக்கும் கடுமையாக வரவில்லை என்று டாக்டர் ஜான் ஸ்நோ எழுதி வைத்தார். பீர்ப் பிரியர்கள் இந்தக் கதையை விடவே மாட்டார்கள். ஆலைக்குள் தனியாக ஓர் ஆழ்கிணறு இருந்தது, தொழிலாளர்கள் தெருக் குழாய்ப் பக்கமே போகவில்லை என்ற பாதியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

வோர்ட்டுக்கு அந்த முரட்டுத்தனம் எதுவும் கிடையாது. பி.எச். 5க்கு மேல், ஆல்கஹால் பூஜ்யம், சர்க்கரையும் புரதமும் தாராளம். அடுப்பை அணைத்தபோது, கொதிக்கும் சாகாத சில விதைகளைத் தவிர, உயிருள்ள எதுவும் அதில் இல்லை. அதனால் யார் முதலில் வந்தாலும் விருந்துதான். 70 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை யாரும் வர முடியாது. அதற்குக் கீழே, குறிப்பாக 50இலிருந்து கீழே இறங்கியதும், குடல் வகைக் கிருமிகள் முதல் லாக்டிக் அமிலக் கிருமிகள் வரை எல்லாவற்றுக்கும் கதவு திறக்கிறது. நாம் போடும் ஈஸ்ட் கண் விழித்து இடத்தைப் பிடிக்கவே பெரும்பாலும் ஒரு ராத்திரி ஆகும். அதற்குள் வேறு யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

வேகமாக ஆற்றச் சொல்வதற்கு இது முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வெளிர் மால்ட்டில் உள்ள ஒரு சத்து 80 டிகிரிக்கு மேல் டைமெத்தில் சல்ஃபைடாக மாறிக்கொண்டே இருக்கும். கொதிக்கும்போது ஆவியோடு வெளியே போய்விடும். மூடி போட்டு மெதுவாக ஆற்றினால் உள்ளேயே தங்கி, வேக வைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். அதோடு, சட்டென்று குளிர்ந்தால் புரதம் திரிதிரியாகக் கீழே படியும், பீர் தெளிவாக வரும்.

வேண்டுமென்றே மெதுவாக ஆற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீர்க்காரர்கள் கொதித்த வோர்ட்டை அகலமான ஆழமில்லாத தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றில் வருவதுதான் ஈஸ்ட். ஆனால் குளிர் மாதங்களில் மட்டும்தான் செய்வார்கள், பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை வைத்திருப்பார்கள். முதல் சில வாரங்கள் அதில் ஆடுவது குடல் வகைக் கிருமிகள்தான். அந்தப் பருவத்தில் யாரும் அதைக் குடிப்பதில்லை. புதிதாக ஆரம்பிப்பவர் இதைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம்.

செம்புச் சுருளும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

பெரும்பாலானோர் முதலில் வாங்குவது மூழ்கு சில்லர். 25 அல்லது 50 அடி செம்புக் குழாயைச் சுருளாக வளைத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் டியூப். ஒன்று குழாய்க்கு, ஒன்று வெளியேற. சுருளை வோர்ட்டுக்குள் இறக்கி, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓட விட வேண்டும். வோர்ட்டுக்கும் பச்சைத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத செம்புச் சுவரும் இரண்டு கிளாம்ப்பும் மட்டும்தான்.

எங்கே எல்லாம் ஒழுகும்? முதல் இடம் கிளாம்ப். அதை இறுக்கும்போது டியூப் குளிர்ந்து விறைப்பாக இருக்கும். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் வெளியேறும் பக்கத்து டியூப்பில் 70, 80 டிகிரி வெந்நீர் வரும். பிளாஸ்டிக் இளகும், பிடி தளரும். குழாயைச் சட்டென்று முழுதாகத் திறந்தால் டியூப் கழன்று துள்ளும். மூட்டு கெட்டிலின் விளிம்புக்கு உள்பக்கம் இருந்தால் அந்தத் தண்ணீர் நேராக வோர்ட்டில் விழும். அதனால் வாங்கும்போதே செம்பு முனைகள் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒழுகினாலும் தரையில்தான் ஒழுகும்.

இரண்டாவது இடம் செம்பிலேயே விழும் ஊசித் துளை. இது குளிர் நாடுகளுக்கே உரிய வம்பு. சில்லரைக் கழுவி, உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்க, அப்படியே கராஜில் மாட்டி வைத்தால் ஜனவரியில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து செம்பைக் கீறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முடி மாதிரி ஒரு கோடு. பல சமயம் அதுவும் தெரியாது. சுருளுக்குள் குழாய் நீரின் அழுத்தம், வெளியே வெறும் பாத்திரம். அதனால் கசிவு எப்போதும் தண்ணீரிலிருந்து வோர்ட்டுக்குத்தான் போகும். குளிர் காலத்துக்கு முன்னால் சுருளை ஊதிக் காலி செய்து வைத்தால் போதும்.

ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. 100 டிகிரியிலிருந்து 20க்கு வரும்போது வோர்ட் ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும்; 20 லிட்டர் இருந்தது 19.2 லிட்டராக வேண்டும். அடுப்பை அணைத்ததும், சுருள் உள்ளே இருக்கும்போதே, மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிலில் கோடு இல்லையென்றால் மரக் கரண்டிக் காம்பில் கோடு போட்டுக்கொள்ளலாம். ஆறி முடியும்போது மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றாலே சந்தேகப்படுங்கள். ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டியூப்களை மாட்டி, வோர்ட் பக்கமே போகாமல், முற்றத்தில் வைத்துத் தண்ணீரை ஓட விட்டு மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சுருளை வோர்ட்டில் இறக்குங்கள். கொதியே அதைச் சுத்தமாக்கிவிடும். இங்கே ஓர் ஆபத்து உண்டு, பலர் சொல்வதில்லை. சோதித்த தண்ணீர் சுருளுக்குள் மிச்சம் இருக்கும். கொதிக்கும் வோர்ட்டில் இறக்கியதும் அதுவும் கொதித்து, டியூப் முனை வழியாக ஆவியும் வெந்நீருமாகச் சீறும். அந்த முனை உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை கந்தல். முனையை வாளிக்குள் விட்டுவிடுங்கள். டியூப் அடுப்புத் தீ பக்கம் தொங்காமல் பாருங்கள், உருகிவிடும். வெறுங்காலோடு, செருப்போடு இந்த வேலை வேண்டாம். சர்க்கரைச் சாறு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு தண்ணீரைவிட அதிகமாகச் சுடும்.

சரி, ஒழுகிவிட்டது. என்ன செய்வது? முதலில் குழாயை மூடுங்கள். சுருளை வெளியே எடுங்கள். தண்ணீர் குடிக்கத் தகுந்த நகரத் தண்ணீர்தானா? ஆம் என்றால் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்துக் கொதிக்க விடுங்கள். கிருமிக்குப் பத்து நிமிடம் போதும். கசப்பு சற்றுக் கூடும், கடைசியில் போட்ட ஹாப்ஸின் வாசனை போய்விடும், அவ்வளவுதான். இனி அடர்த்திக் கணக்கு. 19 லிட்டர் வோர்ட் ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் மிதவையில்) 1.050 காட்டியது, 2 லிட்டர் தண்ணீர் சேர்ந்தது என்று வையுங்கள். புள்ளிக்குப் பின்னுள்ள 50ஐ 19ஆல் பெருக்கி 21ஆல் வகுத்தால் 45 சொச்சம். புது அளவு 1.045. ஐந்து சதவீத பீர் நாலரை ஆகும். அது போதும் என்றால் விட்டுவிடலாம். பழைய அளவே வேண்டும் என்றால் 2 லிட்டர் ஆவியாகும் வரை, வீட்டு அடுப்பில் அரை மணி நேரம் போல, கொதிக்க விடலாம்.

ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் ஒழுகியது தெரிகிறது என்றால்? கொஞ்சம் நகரத் தண்ணீர் என்றால் கொட்டிவிட வேண்டாம். புளித்து முடிந்து ருசி பார்க்கும் வரை பொறுங்கள். பிளாஸ்திரி வாடை அடித்தால் அப்போது கொட்டிக்கொள்ளலாம். சோதிக்காத கிணற்றுத் தண்ணீர், மழைத் தொட்டித் தண்ணீர், பேசினில் தேங்கி நின்ற தண்ணீர் என்றால் என் தீர்ப்பு வேறு. இருபது டாலர், முப்பது டாலர் மால்ட்டுக்காக வயிற்றைப் பணயம் வைக்காதீர்கள்.

தட்டு சில்லர் என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத்தில் மெல்லிய எஃகுத் தட்டுகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். வோர்ட் ஒரு சந்தில், தண்ணீர் அடுத்த சந்தில். நிமிடங்களில் ஆற்றிவிடும். ஆனால் உள்ளே கண் போகாது. ஹாப்ஸ் தூள் சந்தில் சிக்கி அடுத்த முறை வரைக்கும் அழுகிக் கிடக்கும். உறைபனியில் உள்தட்டு கீறினால் வெளியே ஒரு சொட்டுகூட வராது. தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் குழாயோடு இணைத்துத் திறந்துவிட்டு, வோர்ட் வாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தூக்கிப் போடுங்கள். ஆரம்பத்தில் இதை வாங்காமலே இருப்பது உத்தமம்.

ஹோஸ் திரும்பி உறிஞ்சும்

இது பீரைப் பற்றியதல்ல, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் குடிக்கும் தண்ணீரைப் பற்றியது. தோட்டத்து ஹோஸின் முனை கழுவும் மருந்து கலந்த வாளிக்குள் முங்கிக் கிடக்கிறது. அதே சமயம் தெருவில் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கிறது, அல்லது பெரிய குழாய் உடைகிறது. குழாயின் அழுத்தம் சட்டென்று விழுந்தால் ஹோஸ் வாளியில் இருப்பதைத் திருப்பி உறிஞ்சி வீட்டுக் குழாய்களுக்குள் இழுத்துவிடும். இதைத் தடுக்கத் தோட்டக் குழாய் முனையில் திருகும் சின்னப் பித்தளைத் தடுப்பான் இருக்கிறது, விலை சொற்பம். புது வீடுகளில் குழாயிலேயே இருக்கும். இருந்தாலும் ஹோஸ் முனையைத் தண்ணீருக்கு மேலே தொங்க விடும் பழக்கம் போதும். சாதாரணத் தோட்ட ஹோஸ் தண்ணீரை வோர்ட்டிலோ அளவு சரிக்கட்டவோ ஊற்றாதீர்கள். ரப்பர் வாடை வரும், பித்தளை முனைகளில் ஈயம் இருக்கலாம். குடிநீருக்கென்றே விற்கும் ஹோஸ் தனியாகக் கிடைக்கும்.

ஐஸும் கண்ணாடியும்

டெக்ஸாஸிலோ ஃபுளோரிடாவிலோ கோடையில் குழாய்த் தண்ணீரே 27 டிகிரி இருக்கும். அதை வைத்து வோர்ட்டை 20க்குக் கொண்டுவர முடியாது. ஆற்றும் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆற்ற முடியாது. அப்போதுதான் கை ஐஸ் பைக்கு நீளும். கடையில் வாங்கிய ஐஸைப் பையோடு வோர்ட்டில் கவிழ்ப்பது பார்க்கச் சுலபம். ஆனால் உறைவது கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவே. ஐஸ் கரைந்ததும் அது எழுந்துவிடும். ஐஸ்தான் வேண்டும் என்றால் முந்தின நாளே தண்ணீரைக் கொதிக்க வைத்து, சானிட்டைசர் போட்ட மூடி டப்பாவில் ஊற்றி, ஃபிரீசரில் உறைய வைத்து அதைப் போடுங்கள். மால்ட் சிரப்பை வைத்துப் பாதி அளவு மட்டும் அடுப்பில் கொதிக்க வைக்கிறவர்களுக்கு இதுவே போதும், சில்லரே வேண்டாம்.

ஐஸை வோர்ட்டுக்கு வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கெட்டிலை இறக்கி, வோர்ட்டைச் சுத்தமான கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். கலக்காவிட்டால் ஓரம் குளிரும், நடு சுடும். தண்ணீர் கெட்டில் விளிம்புக்கு நாலு விரல் கீழே இருக்கட்டும். 19 லிட்டர் கொதிக்கும் வோர்ட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஒரு ஆள் தூக்கும் பாரம் அல்ல அது. முதலில் மூடி போட்டு ஓரளவு ஆற விடுங்கள், பிறகு நகர்த்துங்கள். ஐஸ் தண்ணீரை முங்கு பம்ப்பால் சுருளுக்குள் ஓட்டுகிறவர்கள் மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு பிளக்கில்தான் மாட்ட வேண்டும். ஈரத் தரை, கையில் செம்பு, கூட மின்சாரம்; இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பெரிய கண்ணாடி ஜாடியில் புளிக்க வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் சூடான வோர்ட்டை ஊற்றினாலோ, சூடான ஜாடியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தாலோ அடி கழன்று வந்துவிடும். கையில் வெட்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வகை விபத்து இது. பிளாஸ்டிக் வாளி அழகில்லை, ஆனால் உடையாது. சூடான வோர்ட்டை இறுக்க மூடினால் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூடியில் செருகும் ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத அடைப்பில், உள்ள திரவத்தை உள்ளே இழுத்துவிடும். அதனால் ஏர்லாக்கில் பிளீச் தண்ணீர் ஊற்றாதீர்கள். வோட்கா ஊற்றலாம், உள்ளே போனாலும் நஷ்டமில்லை.

ஆற்றாமலே விடலாமா

ஆஸ்திரேலியாவில் நீண்ட வறட்சி ஆண்டுகளில் ஒரு தொகுதிக்கு, அதாவது ஒரு தடவை செய்யும் பீரை ஆற்ற, நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்ப வீட்டுப் பீர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை. சூடாகவே கனமான பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடி, மறுநாள் தானாக ஆறிய பிறகு ஈஸ்ட் போட்டார்கள். அந்தச் சூடே கேனைச் சுத்தமாக்கிவிடும். வேலை செய்யும் முறைதான். ஆனால் கேனை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பது வேறு விஷயம். போட்டுலிசம் என்ற உயிர்கொல்லி உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் விதைகள் ஒரு மணி நேரக் கொதியில் சாகாது. காற்றில்லாத இடமும், 4.6க்கு மேல் பி.எச்.சும், அறைச் சூடும் கிடைத்தால் அவை முளைக்கலாம். மூடிய வோர்ட் கேனில் மூன்றுமே இருக்கின்றன. ஈஸ்ட் போட்டால் பி.எச். இறங்கி வழி அடைபடும். எனவே ஆறியதும் போடுங்கள், மறுநாளைத் தாண்ட வேண்டாம்.

பச்சைத் தண்ணீரைவிட மோசமான கசிவு

பழகிய பிறகு சிலர் புளிக்கும் தொட்டியையே குளிர வைக்கும் சின்ன இயந்திரம் வாங்குவார்கள். அதில் சுற்றும் தண்ணீர் உறையாமலிருக்க கிளைக்கால் சேர்க்க வேண்டும். இதில் இரண்டு வகை. புரொப்பலீன் கிளைக்கால் உணவுத் தரத்தில் கிடைக்கிறது. கார் கடையில் வாங்கும் பச்சை நிற ஆன்டிஃபிரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தை நாசமாக்கும் நஞ்சு. டைஎத்திலீன் கிளைக்காலும் அதே ரகம். 2020 ஜனவரியில் பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் இதுதான் நடந்தது. ஒரு பீர் ஆலையில் தொட்டியைக் குளிர்விக்கும் திரவம் கசிந்து பீரில் கலந்தது. குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, நரம்புகள் பாதித்தன. குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். தேர்ந்தவர்கள் நடத்திய ஆலை அது. கசிந்தது உணவுத் தரத் திரவமாக இருந்திருந்தால் பீர் மட்டும்தான் வீணாகியிருக்கும்.

இந்த நஞ்சுகள் இலேசாக இனிக்கும், வாடை அடிக்காது. பீரில் கலந்தால் நாக்கோ மூக்கோ சொல்லாது. கொதித்தாலும் போகாது, புளித்தாலும் போகாது. இயந்திரத்தின் திரவத் தொட்டியில் மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தொகுதி ஆரம்பிக்கும்போதும் டேப்பில் குறித்து ஒட்டி வையுங்கள். தரையில் ஈரம் இல்லாமல் அந்த மட்டம் இறங்கியிருந்தால் திரவம் எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. உள்ளே ஊற்றியது எந்த வகை என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் ருசி பார்க்காமல் அந்தத் தொகுதியை முழுசாகக் கொட்டிவிடுங்கள்.